ரெஸ்டோர் செய்யாத பழைய பீட்டிலை ‘ப்ராஜெக்ட்’ வண்டியாக விற்பது: எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

#1 ஆறுவோல்ட்

வணக்கம். ஒரு வோக்ஸ்வேகன் பீட்டில் விற்க வேண்டும். சித்தப்பா ஓட்டிய வண்டி. அவர் ஓட்டுவதை நிறுத்தியபோது ஷெட்டில் விட்டதுதான், அப்புறம் யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. அவர் இப்போது இல்லை. பேப்பர் என் பெயருக்கு முறையாக மாறிவிட்டது. ரெஸ்டோர் செய்ய, அதாவது பழையபடி சீர்செய்து எடுக்க, என்னிடம் இடமும் இல்லை, தொழிலும் தெரியாது. தெரிந்தவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் ஆசை.

பேப்பரில் 1968 என்றும் 1300 இன்ஜின் என்றும் இருக்கிறது. பின் சீட்டைத் தூக்கினால் வலது பக்கம் தரையில் ஓட்டை. நான்கு டயரிலும் காற்று இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது, தள்ளினால் நகரவில்லை. கண்ணாடி, லைட், மீட்டர், பம்பர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒரு அட்டைப்பெட்டி நிறைய உதிரிகளும் உண்டு.

பெயின்ட் அடித்து ஓட்டிக் காட்டி விற்றால் நல்ல விலை என்கிறார் ஒருவர். பிரித்து விற்றால் இன்னும் அதிகம் வரும் என்கிறார் இன்னொருவர். அப்படியே விற்றுவிடலாமா என்றும் ஒரு யோசனை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 புதுப்பெயின்ட்

என் யோசனை: டென்ட் எல்லாம் எடுத்து, தரை ஓட்டைக்கு ஒரு தகடு வைத்து, ஒரு கோட் பெயின்ட். விளம்பரத்தில் முதல் படம்தான் ஆளைக் கூப்பிடும். துருப்பிடித்த வண்டியின் படத்தைப் பார்த்து யாரும் போன் எடுக்க மாட்டார்கள். பெரிய செலவும் ஆகாது.

#3 வெல்டிங்_மேசை

தம்பி, பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் கெட்டுப்போய் வருகின்றன.

ப்ராஜெக்ட் வண்டி, அதாவது வாங்கித் தானே ரெஸ்டோர் செய்துகொள்ளும் வண்டி, வாங்க வருபவர் பெயின்டைப் பார்க்க வருவதில்லை. எங்கே துரு, எவ்வளவு ஆழம், எது கம்பெனியில் வந்தது, எது பிறகு மாற்றியது என்று தெரிந்துகொள்ளத்தான் வருகிறார். அதை வைத்துத்தான் அவர் வேலையையும் செலவையும் கணக்குப் போட முடியும். பழைய வண்டியின் மேல் புதுப் பெயின்டைக் கண்டால் எனக்கு முதலில் தோன்றுவது, கீழே எவ்வளவு பட்டி (ஓட்டையையும் டென்ட்டையும் நிரப்பும் பூச்சு) இருக்கிறதோ என்பதுதான். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியில் வைத்து இழுப்பேன். ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே தகடு இல்லை, பட்டிதான். அப்புறம் நல்ல தகடு இருக்கும் இடத்தையும் நான் நம்ப மாட்டேன். நீங்கள் செலவழித்த பெயின்டை வாங்குகிறவர் மறுபடி காசு கொடுத்துச் சுரண்டி எடுப்பார். இருவருக்கும் நஷ்டம்.

அதைவிட மோசம் அடியில் அடிக்கும் கறுப்பு அண்டர்கோட்டிங். துருவின் மேல் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும், துரு வளரும், கண்ணுக்கும் தெரியாது.

தரை ஓட்டைக்குத் தகடு வைக்கும் யோசனையையும் விடுங்கள். பீட்டிலில் தரைத்தகடும் அதன் நடுவில் ஓடும் டனலும் சேர்ந்து ஒரு பாகம்; பாடி தனி. பாடியைத் தரையோடு சுற்றிலும் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். அதனால் முறையாகச் செய்பவர் பாடியைத் தூக்கி வைத்துவிட்டு, தரையின் பாதியை வெட்டி, புது பாதி வைத்து வெல்டிங் செய்வார். நீங்கள் வைக்கும் ஒட்டுத்தகட்டை அவர் முதலில் பிய்த்துப் போட வேண்டியிருக்கும். அந்த ஓட்டைக்குக் காரணமும் சுலபம்: பேட்டரி அங்கேதான் இருக்கிறது. ஆசிட் கசிந்து தரையைத் தின்றிருக்கும். பீட்டில் தெரிந்தவர் அந்த இடத்தில் ஓட்டையை எதிர்பார்த்துத்தான் வருவார், பயப்பட மாட்டார்.

அவர் பயப்படும் இடம் வேறு. கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் ஹீட்டர் சேனல். இன்ஜினின் சூட்டுக்காற்று உள்ளே வரும் குழாயும் அதுதான், பாடிக்கு முதுகெலும்பும் அதுதான். அது போயிருந்தால் கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலே ஒரு அளவாகவும் கீழே ஒரு அளவாகவும் இருக்கும். அடுத்தது முன் ஆக்ஸில் போல்ட் ஆகும் ஃப்ரேம் ஹெட். அப்புறம் ஜாக் வைக்கும் இடம், பின்பக்கம் ஷாக் அப்சார்பர் பக்கத்தில் உள்ள பாடி மவுன்ட், பம்பர் பிடிக்கும் இடம், முன்னால் ஸ்டெப்னி உட்காரும் குழி. இத்தனையையும் பக்கத்தில் போய் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். உங்கள் விளம்பரமே அதுதான்.

#4 புதுப்பெயின்ட்

அண்ணா, அடியில் ஓட்டையைப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்துப் போட்டால் விலை குறையாதா?

#5 வெல்டிங்_மேசை

படம் இல்லாவிட்டால் இன்னும் குறையும். தெரியாத இடத்தை எல்லோரும் மோசமாகத்தான் கணக்குப் போடுவார்கள். ஹீட்டர் சேனல் படம் போடாத வண்டியை, ஹீட்டர் சேனல் போன வண்டி என்று வைத்துத்தான் நான் விலை கேட்பேன்.

#6 ஸ்பேனர்_பாய்

இன்ஜின் பக்கம் நான் சொல்கிறேன். ஓடுகிற வண்டிக்கு மதிப்பு அதிகம் என்பது உண்மைதான். அதற்காகப் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். வருஷக்கணக்கில் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு பிடித்திருக்கலாம், வால்வு ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டரின் பலத்தில் திருப்பினால் நல்லதாக இருந்ததும் உடையும்.

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். அப்புறம் கீழே உள்ள கிராங்க் புல்லி போல்டில் 30 மி.மீ. ஸ்பேனர் வைத்துக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் “இன்ஜின் கையால் சுற்றுகிறது” என்று எழுதலாம். வாங்குகிறவருக்கு அது பெரிய செய்தி. வராவிட்டால் அடிக்காதீர்கள், நீளமான பைப் போடாதீர்கள். “பிடித்திருக்கிறது” என்று எழுதுங்கள்.

இன்னொரு சோதனை உண்டு, பீட்டில் ஆட்கள் எல்லோரும் வந்தவுடன் இதைத்தான் செய்வார்கள். அதே புல்லியை இரண்டு கையாலும் பிடித்து, உங்கள் பக்கம் இழுத்து, அந்தப் பக்கம் தள்ளுங்கள். சுற்றக்கூடாது, முன்னும் பின்னும் மட்டும். ‘டக் டக்’ என்று கையில் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தால் கிராங்க்கின் எண்ட் பிளே, அதாவது முன்னும் பின்னும் நகரும் இடைவெளி, அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். சரியான அளவு 0.07 முதல் 0.13 மி.மீ., 0.15 வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் இன்ஜினைப் பிளக்கத்தான் வேண்டும். டயல் கேஜ் வைத்து அளந்து அந்த எண்ணை விளம்பரத்தில் போட்டால், “இந்த ஆளுக்கு விஷயம் தெரியும், மறைக்கவும் இல்லை” என்று வருகிறவருக்குப் புரியும்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை வைத்து ஓட்ட முயல வேண்டாம். அது இந்நேரம் வார்னிஷ் மாதிரி கெட்டியாகியிருக்கும், எத்தனால் கலந்ததாக இருந்தால் தண்ணீரையும் இழுத்திருக்கும். வடித்து எடுத்துவிடுங்கள். ரப்பர் பெட்ரோல் குழாய் வெடித்திருந்தால் தீப்பிடிக்கும். பீட்டிலில் இன்ஜின் பின்னால், குழாய் அதன் மேலேயே போகிறது.

பிரேக்கை மட்டும் எப்படியாவது விடுவியுங்கள். டிரம்முக்குள் வீல் சிலிண்டர் பிடித்திருக்கும். ஷூ அட்ஜஸ்டரைத் தளர்த்தினாலே பல சமயம் சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். நாலு சக்கரமும் சுற்றி, ஸ்டீயரிங்கும் திரும்பினால் வண்டியைத் தள்ளி டிரெய்லரில் ஏற்றிவிடலாம். நகராத வண்டி என்றாலே பாதிப் பேர் வர மாட்டார்கள், கிரேன் செலவை நினைத்தே. நீங்கள் கை வைத்துச் செய்ய வேண்டிய ரிப்பேர் இது ஒன்றுதான்.

#7 பாகக்கடை

நான் பழைய பாகம் வாங்கி விற்பவன். பிரித்து விற்பதைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். கூட்டிப் பார்த்தால் தொகை அதிகம் வரும், சந்தேகமில்லை. அந்தக் காலத்து ஹெல்லா லைட், போஷ் டிஸ்ட்ரிபியூட்டர், வி.டி.ஓ. மீட்டர், ‘செகுரிட்’ முத்திரை உள்ள கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. ஆனால் நல்லதெல்லாம் சீக்கிரம் போய்விடும், பாடிக்கூடும் துருப்பிடித்த கதவும் உங்கள் ஷெட்டிலேயே மிஞ்சும். ஒவ்வொரு பாகத்துக்கும் படம், பேரம், பேக்கிங், பார்சல், திருப்பி அனுப்புகிறவர்களோடு வாக்குவாதம். என் தொழில் என்பதால் நான் செய்கிறேன். ஒரே ஒரு வண்டிக்காக இதில் இறங்காதீர்கள்.

பேப்பர் இல்லாமல், பாடி மடங்கிப் போயிருந்தால் பிரிப்பது நியாயம். பேப்பரும் எல்லாப் பாகமும் சேர்ந்து நிற்கும் வண்டியைப் பிரிக்க எனக்கே மனசு வராது.

#8 கடைசி_போல்ட்

வாங்குகிற பக்கத்திலிருந்து பேசுகிறேன். ப்ராஜெக்ட் வண்டிகளைத் தேடித் தேடி வாங்குபவன் நான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது யாரும் கை வைக்காத வண்டி. ரொம்பப் பயம் பாதி பிரித்த வண்டி. ஒருமுறை ஒருவர், “எல்லாம் இருக்கிறது, பிரித்து வைத்திருக்கிறேன், மாட்ட வேண்டியதுதான் பாக்கி” என்று சொல்லி விற்றார். பெட்டி பெட்டியாகப் பாகம். வயரிங் ஹார்னஸை எங்கே எது என்று குறிக்காமல் வெட்டி எடுத்திருந்தார். கதவின் இரண்டு ஹிஞ்ச் வேறு ஏதோ வண்டியுடையது. போல்ட் எல்லாம் ஒரே வாளியில். மாட்டத் தொடங்கிய பிறகுதான் எது இல்லை என்பதே தெரிந்தது, அதற்குள் அவர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். பிரிக்காத வண்டியில் ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் இடத்தில் இருக்கும். பிரிப்பவரே படம் எடுத்து, பையில் போட்டு, பெயர் எழுதி வைத்துக்கொள்வார்.

அதனால் ஆறுவோல்ட், பெட்டியில் இருக்கும் உதிரிகளைத் தரையில் பரப்பி ஒரே படமாக எடுத்துப் போடுங்கள். எது என்ன என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

முதலில் அனுப்ப வேண்டியது சேஸிஸ் நம்பர் படம். பின் சீட்டைத் தூக்கினால் டனலின் மேல் குத்தியிருக்கும். முன்னால் ஸ்டெப்னிக்குப் பின்புறம் ஒரு தகட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். இன்ஜின் நம்பர், டைனமோ ஸ்டாண்டுக்குக் கீழே இன்ஜின் உடம்பிலேயே இருக்கும். மூன்றையும் பேப்பரோடு ஒப்பிடுங்கள். பேப்பரும் நம்பரும் ஒத்துப்போகாத வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன்.

#9 தூசி

ஆறுவோல்ட், இந்த வண்டியை ரெஸ்டோர் செய்துதான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? துருவை நிறுத்தி, ஓட்ட வைத்து, பெயின்டை அப்படியே விடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், முதலில் இருக்கிறபடியே பாதுகாத்து வைப்பது, அப்புறம்தான் ரெஸ்டோரேஷன் என்கிறது. அமெரிக்காவின் பெபிள் பீச் பழைய கார் கண்காட்சியில் ரெஸ்டோர் செய்யாத வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஆர்ட்க்யூரியல் நடத்திய பயோன் தொகுப்பு ஏலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பிரான்ஸின் மேற்கில் ஒரு பண்ணையில் பல பத்தாண்டுகள் கிடந்த வண்டிகளைத் தூசியைக்கூடத் துடைக்காமல் மேடையில் வைத்தார்கள். ஒரு காலத்தில் நடிகர் அலன் டெலோன் வைத்திருந்த ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர் அதில்தான் போனது.

அதனால் கழுவக்கூட வேண்டாம். ஷெட்டில் இருக்கிறபடியே முதல் படத்தை எடுங்கள்.

#10 கடைசி_போல்ட்

அக்கா சொன்ன சாசனம் சரி, அந்த நோக்கமும் எனக்கு உடன்பாடுதான். ஆனால் பயோன் ஏலத்தை இங்கே அளவுகோலாக வைக்க முடியாது. அந்த ஃபெராரி விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டி. பீட்டில் 2003 ஜூலையில் மெக்ஸிகோவின் புவேப்லாவில் கடைசி வண்டி வெளியே வரும்வரை 2.15 கோடி செய்தார்கள். அரிய வண்டி என்று சொல்லி யாரும் வாங்க மாட்டார்கள். ‘முழுசாக இருக்கிறது, உள்ளது உள்ளபடி இருக்கிறது’ என்பதற்காகத்தான் வாங்குவார்கள்.

கழுவுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருக்கிற இடத்தில் ஒரு படம், சரி. அப்புறம் வெளியே தள்ளித் தண்ணீர் விட்டுக் கழுவி மறுபடி எல்லாப் பக்கமும் எடுங்கள். தூசிக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். பிரஷர் வாஷர் வேண்டாம், பழைய ரப்பர் பீடிங் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும்.

#11 தூசி

கழுவுவது சரி, ஒப்புக்கொள்கிறேன். பாலிஷ் மட்டும் போட வேண்டாம். பழைய பெயின்ட் மெல்லியதாகத்தான் மிஞ்சியிருக்கும், தேய்த்தால் முனைகளில் ப்ரைமர் தெரிந்துவிடும். கம்பெனிப் பெயின்டா என்று பார்க்க க்ளவ் பாக்ஸைத் திறந்து உள்ளே டாஷ்போர்டின் பின்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். யாரும் அங்கே மறு பெயின்ட் அடிப்பதில்லை.

#12 ஆறுவோல்ட்

எல்லோருக்கும் நன்றி. சொன்னதையெல்லாம் செய்தேன்.

சேஸிஸ் நம்பர் 117-இல் தொடங்குகிறது. டனலில், முன் தகட்டில், பேப்பரில் மூன்றும் ஒன்றே. இன்ஜின் நம்பர் ‘எஃப்’ எழுத்தில் தொடங்குகிறது. கையால் திருப்பினேன், முழுச் சுற்று வருகிறது. எண்ட் பிளே பார்க்கப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக் டயல் கேஜ் கொண்டுவந்தார், 0.12 வந்தது. பிரேக்கையும் அவர்தான் விடுவித்துக் கொடுத்தார், இப்போது நாலு சக்கரமும் சுற்றுகின்றன.

டாஷ்போர்டின் பின்புறம் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். வெளியே இப்போது வெள்ளை. முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம், பெட்டி எல்லாவற்றின் படமும் சேர்த்திருக்கிறேன். ஹீட்டர் சேனல் இடது பக்கம் பரவாயில்லை. வலது பக்கம் பின் முனையில் விரல் உள்ளே போகிறது.

#13 காற்றுக்குளிர்

நம்பரைப் பார்த்ததும் வந்தேன். 1964 ஆகஸ்டிலிருந்து பீட்டிலின் சேஸிஸ் நம்பர் ஒன்பது இலக்கம். முதல் இரண்டு இலக்கம் வண்டி வகை, மூன்றாவது மாடல் வருஷம். 117 என்றால் 1967 மாடல். அதாவது 1966 ஆகஸ்டுக்கும் 1967 ஜூலைக்கும் இடையில் செய்த வண்டி. பேப்பரில் 1968 என்று இருப்பது பதிவு செய்த வருஷமாக இருக்கும், அது பிரச்சினை இல்லை. விளம்பரத்தில் “1967 மாடல், 1968-இல் பதிவு” என்று இரண்டையும் எழுதுங்கள். இன்ஜினில் ‘எஃப்’ என்றால் 1300, ‘எச்’ என்றால் 1500, ‘டி’ என்றால் 1200. ஆக, உங்கள் வண்டிக்குச் சேர வேண்டிய இன்ஜின் வகைதான் உள்ளே இருக்கிறது. நிறமும் ஒத்துப்போகிறது, எல்620 சவானா பீஜ் என்று 1967-க்கான நிறப்பட்டியலில் ஒன்று இருக்கிறது.

ஆனால் உங்கள் நாலாவது படத்தை இன்னொரு தரம் பாருங்கள். வலது முன் பக்கம், கண்ணாடிக்கும் மட்கார்டுக்கும் நடுவில், பெட்ரோல் ஊற்றும் மூடி வெளியே இருக்கிறது. 1300, 1500 பீட்டிலில் அந்த மூடி வெளியே வந்தது 1967 ஆகஸ்டில், 1968 மாடலோடு. அதற்கு முன்னால் பானட்டைத் திறந்துதான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். உங்கள் வண்டியில் பானட்டும் குட்டையான பிந்திய வகை, ஹெட்லைட்டும் நிமிர்ந்து நிற்கும் பிந்திய வகை. மட்கார்டு, பானட், லைட், பம்பர் இவையெல்லாம் போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடியவை, யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். பெட்ரோல் மூடி இருக்கும் பக்கத்தகடு வெல்டிங் செய்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் வெட்டத்தான் வேண்டும்.

முன் சக்கரக் குழிக்குள் டார்ச் அடித்து, கதவு ஹிஞ்ச் தூணை ஒட்டி மேலிருந்து கீழே வெல்டிங் கோடு ஏதாவது தெரிகிறதா பாருங்கள். பல்பும் ஒன்றைக் கழற்றி எத்தனை வோல்ட் என்று பாருங்கள்.

#14 ஆறுவோல்ட்

பல்பு எல்லாம் 6 வோல்ட். சக்கரக் குழிக்குள் இரண்டு பக்கமும் கோடு இருக்கிறது. கம்பெனி வெல்டிங் போல் புள்ளி புள்ளியாக இல்லை, தொடர்ச்சியான தடித்த கோடு. பானட்டுக்குள் சுரண்டிப் பார்த்தேன், வெள்ளைக்குக் கீழே பீஜ் இல்லை, பச்சை. பின்பக்கம் சுரண்டினால் பீஜ் வருகிறது.

சித்தியிடம் கேட்டேன். முன்னால் பெரிதாக அடிபட்டு, ஒரு பட்டறையில் பல மாதம் கிடந்து வந்ததாகச் சொன்னார். எங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

#15 காற்றுக்குளிர்

அப்போ தெளிவாகிவிட்டது. 1967 வண்டி, முன்பக்கம் நொறுங்கி, பிந்திய பச்சை வண்டி ஒன்றின் மூக்கை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். வயரிங் பழைய 6 வோல்ட்டாகவே விட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இது சாதாரணமாக நடந்த வேலைதான்.

#16 புதுப்பெயின்ட்

இதை எழுதத்தான் வேண்டுமா? இத்தனை வருஷம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. வாங்குகிறவரும் கண்டுபிடிக்காமல் போகலாம். பார்த்து வாங்குவது அவர் பொறுப்பு அல்லவா? ‘இருக்கிற நிலையில் விற்பனை’ என்று ஒரு வரி போட்டால் போதாதா?

#17 வெல்டிங்_மேசை

எழுதத்தான் வேண்டும். இது வெறும் விலை விஷயம் இல்லை, உயிர் விஷயம். ஒட்டு வெல்டிங் சரியில்லாமல் இருந்தால் அடுத்த மோதலில் முன்பக்கம் எப்படி மடங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஓட்டப்போகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

‘இருக்கிற நிலையில் விற்பனை’ என்பது உங்களுக்குத் தெரியாத பழுதுக்குத்தான் கேடயம். தெரிந்தே மறைத்ததற்குப் பல நாடுகளின் சட்டத்தில் அந்த வரி உதவாது. ஆறுவோல்ட் தம்பிக்கு இப்போது தெரிந்துவிட்டது.

இன்னொன்று. பாடியைத் தூக்குகிற அன்றைக்கே இது வெளியே வரும். அன்றைக்கு அவர் மற்ற எதையும் நம்ப மாட்டார், 0.12 என்று சொன்னதையும் சேர்த்து. இப்போதே சொன்னால், 1967-இன் சரியான மூக்கைத் தேடி ஒட்டலாமா, இல்லை இதையே பலப்படுத்தி ஓட்டலாமா என்று வாங்கும்போதே அவர் முடிவு செய்துகொள்வார். ஓட்டத்தான் வேண்டும் என்பவருக்கு இது ஒரு தடையே இல்லை.

#18 பாகக்கடை

ஒரு திருத்தம்: இதனால் விலை குறையும், அதை ஒளிக்க வேண்டாம். எல்லாமே அந்த வருஷத்துப் பாகமாக வேண்டும் என்று தேடுகிறவர்கள் விலகிவிடுவார்கள். ஆனால் நேரில் வந்து பார்த்துவிட்டுக் கோபத்தோடு போவதைவிட அவர்கள் இப்போதே விலகுவது நல்லதுதான்.

#19 ஆறுவோல்ட்

மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. சித்தப்பா பெயரில் இருந்த வண்டி, அதை வைத்து யாரையும் ஏமாற்றினதாக இருக்கக்கூடாது. விளம்பரத்தை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“வோக்ஸ்வேகன் பீட்டில் 1300, 1967 மாடல், 1968-இல் பதிவு. ஒரே குடும்பத்தில் இருந்தது. ரெஸ்டோர் செய்யப்படவில்லை, ஓடும் நிலையில் இல்லை. பேப்பர் என் பெயரில், சேஸிஸ் நம்பர் மூன்று இடத்திலும் ஒத்துப்போகிறது. இன்ஜின் எஃப் வகை, கையால் சுற்றுகிறது, எண்ட் பிளே 0.12 மி.மீ.; ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. சக்கரங்கள் சுற்றுகின்றன, ஸ்டீயரிங் திரும்புகிறது, பிரேக் வேலை செய்யாது. 6 வோல்ட். முன்பக்கம் முழுவதும் பிந்திய வண்டியிலிருந்து வெட்டி வெல்டிங் செய்தது, விபத்துக்குப் பிறகு. படங்கள் 9 முதல் 14 வரை. பேட்டரிக்குக் கீழ் தரை ஓட்டை. வலது ஹீட்டர் சேனல் பின் முனை போய்விட்டது. நிறம் முதலில் பீஜ், பிறகு வெள்ளை. உதிரிப் பெட்டி வண்டியோடு சேரும். எங்கும் தகடு, பட்டி, அண்டர்கோட்டிங் புதிதாக வைக்கவில்லை.”

#20 கடைசி_போல்ட்

இந்த மாதிரி விளம்பரம் பார்த்தால் நான் அன்றைக்கே கிளம்பிவிடுவேன். இரண்டு சின்ன விஷயம். ‘எங்கும்’ என்பதை ‘நான்’ என்று மாற்றுங்கள், முன்னால் யார் என்ன வைத்தார்கள் என்பதற்கு நீங்கள் பொறுப்பேற்க வேண்டாம். கியர்பாக்ஸைப் பற்றி ஒன்றும் இல்லை. சோதிக்கவில்லை என்றால் அதையே எழுதுங்கள்.

“லேசான வேலைதான் பாக்கி” என்று நீங்கள் எங்கும் எழுதாதது ரொம்பப் பிடித்தது. எவ்வளவு வேலை என்பதை வாங்குகிறவர் பார்த்துச் சொல்லட்டும்.

#21 ஸ்பேனர்_பாய்

பார்க்க வருகிறவர்கள் அடியில் படுக்கக் கேட்பார்கள். ஜாக்கை மட்டும் நம்பி யாரையும் அடியில் விடாதீர்கள், துருப்பிடித்த ஜாக் பாயின்ட் அப்படியே உள்ளே போகும். உறுதியான ஸ்டாண்டில் ஏற்றி வையுங்கள். ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தினாலும் செய்ய வேண்டாம்.

#22 பாகக்கடை

பணம் விஷயம். நேரில் பார்க்காமலே முழு விலைக்கு ஒப்புக்கொண்டு, கேட்டதைவிட அதிகத் தொகைக்குச் செக் அனுப்பி, மிச்சத்தை லாரிக்காரருக்கு அனுப்பச் சொல்பவர் மோசடிக்காரர். பணம் உங்கள் கணக்கில் உறுதியாகச் சேர்ந்த பிறகுதான் வண்டியும் பேப்பரும். உங்களுக்குத் தெரிந்த குறைகளைப் பட்டியலிட்டு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

#23 தூசி

சித்தப்பா வைத்திருந்த சர்வீஸ் ரசீது, பழைய போட்டோ, சாவிக்கொத்து ஏதாவது இருந்தால் வண்டியோடு கொடுங்கள். வொல்ஃப்ஸ்பர்கில் உள்ள வோக்ஸ்வேகன் அருங்காட்சியக அறக்கட்டளைக்கு எழுதினால், சேஸிஸ் நம்பரை வைத்து வண்டி தயாரான தேதியும் அப்போதைய நிறமும் உள்ள சான்றிதழ் தருவார்கள். கட்டணம் உண்டு. நீங்களே வாங்க வேண்டும் என்றில்லை, வாங்குகிறவருக்குச் சொல்லிவிடுங்கள்.

#24 ஆறுவோல்ட்

வண்டி விற்றுவிட்டது.

வந்தவர்களில் ஒருவர் வெல்டிங் கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். இன்னொருவர் விலையைப் பாதியாகக் கேட்டார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாங்கியவர் ஒரு அம்மாவும் அவர் மகளும். இரண்டு பேரும் வேலைக்கான உடையிலேயே வந்தார்கள், விளம்பரப் படங்களை அச்சிட்டு எடுத்து வந்து ஒவ்வொன்றையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மகள் புல்லியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள். படத்தில் இல்லாத புது ஓட்டை ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் நான் சொன்ன விலையில் சின்னக் குறைப்போடு முடிந்தது. முன்பக்கத்தை 1967 வகைக்கே மாற்றப் போகிறார்களாம், மூக்கு ஒன்று ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறார்கள். நிறமும் பீஜ்தான். ரசீதுகளையும் கொடுத்துவிட்டேன்.

அவர்கள் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. வலது ஹீட்டர் சேனலை முதலில் செய்வதா, மூக்கை முதலில் செய்வதா? வெல்டிங் அண்ணா, இந்த இழையை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன், நீங்கள் எழுதினால் படிப்பார்கள்.

#25 வெல்டிங்_மேசை

ஹீட்டர் சேனல் முதலில். மூக்கு ஹிஞ்ச் தூணோடு சேர்கிறது, ஹிஞ்ச் தூண் ஹீட்டர் சேனலின் மேல் நிற்கிறது. கீழே சரியில்லாமல் மேலே எதை ஒட்டினாலும் பானட் நேராக உட்காராது.

வெட்டுவதற்கு முன்னால் கதவு மாட்டியபடியே எல்லா இடைவெளியையும் அளந்து எழுதி வையுங்கள். அப்புறம் கதவைக் கழற்றி, கதவு இருந்த இடத்தில் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே சதுரக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் செய்துவிடுங்கள், இரண்டு பக்கமும். ஒரு குறுக்குக் குழாய் இடமிருந்து வலமாகவும் வேண்டும். அது இல்லாமல் சேனலை வெட்டினால் பாடி விரிந்துவிடும், திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவருவது கஷ்டம். ஒரு பக்கம் முழுசாக முடித்து, கதவை மாட்டிப் பார்த்து, எழுதி வைத்த அளவோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கம். புதுச் சேனலைத் தரைத்தகட்டோடு போல்ட் போட்டு உட்கார வைத்த பிறகு வெல்டிங் செய்யுங்கள், தனியாக வைத்துச் செய்தால் ஓட்டைகள் சேராது.

மூக்கு வாங்கும்போது டேங்கையும் சேர்த்துக் கேளுங்கள். இப்போது இருக்கும் டேங்க்கின் வாய் பக்கவாட்டு மூடிக்கானது, 1967 மூக்கில் அது பொருந்தாது.